ஜான் கோல்ட்ரேன் முப்பது வயதுக்கு மேல் எப்படி அப்படி மாறினார்?

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. முப்பது வயதுவரை பத்தோடு பதினொன்றாக வாசித்துக்கொண்டிருந்த அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1957-இல் திடீரென்று எப்படி மேதையானார்? நம் ராகங்களைக் கற்றதால்தான் அந்த மாற்றம் வந்தது என்று சொல்கிறார்களே, உண்மையா? டெனர் சாக்ஸபோன் கையில் எடுத்து ஒன்றரை வருடமான நீங்கள் அவர் வழியில் சாதகம் செய்யலாமா? மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அந்த மாற்றத்துக்குப் பின்னால் இன்னொருவர் எடுத்துச் செய்யக்கூடிய வேலை ஏதாவது இருந்ததா என்றுதான் கேட்கிறீர்கள் என்று புரிந்துகொள்கிறேன். இருந்தது. அதில் பெரும்பகுதிக்கு ஒலிப்பதிவுகளே சாட்சி. சிலவற்றுக்கு அவரே எழுதி வைத்தது சாட்சி. மீதி செவிவழிக் கதை. எது எந்த வகை என்று அங்கங்கே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் ‘திடீரென்று’ என்ற சொல்லை எடுத்துவிடலாம். கோல்ட்ரேன் 1926 செப்டம்பர் 23 அன்று அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஹாம்லெட் என்ற சிற்றூரில் பிறந்தார். வளர்ந்தது அதே மாநிலத்து ஹை பாயின்ட்டில். அப்பா தையற்காரர், ஓய்வில் வயலின் வாசிப்பவர். தாய்வழித் தாத்தா தேவாலயப் போதகர். பன்னிரண்டு வயதில், சில மாதங்களுக்குள்ளேயே தாத்தா, அப்பா, பாட்டி மூவரையும் இழந்தார். ஊர் பேண்டில் சேர்ந்து வாத்தியம் எடுத்ததும் அந்த வயதை ஒட்டித்தான். முதலில் ஆல்டோ ஹார்ன், கிளாரினெட், பிறகு ஆல்டோ சாக்ஸபோன். 1943-இல் பள்ளி முடித்ததும் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய் அங்கே ஆர்ன்ஸ்டீன் இசைப்பள்ளியில் சேர்ந்தார். 1945 ஜூன் 5 அன்று ஆல்டோ சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரை நேரில் கேட்டார். அதே ஆண்டு கடற்படைக்குப் போய், ஹவாயில் மாலுமிகளின் இசைக்குழுவில் வாசித்தார். 1946 ஜூலையில் அங்கே சக மாலுமிகளோடு பதிவு செய்த சில பாடல்கள் இன்றும் கிடைக்கின்றன. அப்போது அவருக்கு 19 வயது. அவசியம் தேடிக் கேளுங்கள். பார்க்கரின் பிடிகளை அப்படியே எடுத்து வைக்கப் பார்க்கிறார், விரல்கள் தயங்குகின்றன, எடுத்த சங்கதி பாதியில் நிற்கிறது. பிற்காலக் கோல்ட்ரேனின் சாயல் அதில் துளியும் இல்லை. ‘பிறவி மேதை’ என்று சொல்பவர்களுக்கு அந்தப் பதிவு ஒன்றே பதில்.

அடுத்த ஒன்பது ஆண்டுகள் குருகுலவாசம் மாதிரிதான், குருமார்கள் மட்டும் பலர். போருக்குப் பின் படைவீரர்களுக்கு அரசு கொடுத்த கல்வி உதவியில் கிரனாஃப் இசைப்பள்ளியில் சேர்ந்து, டென்னிஸ் சாண்டோலிடம் ஹார்மனி, அதாவது ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் முறை, படித்தார். 1947-இல் எட்டி வின்சன் குழுவில் இடம் கிடைத்தது. வின்சனே ஆல்டோ வாசிப்பவர் என்பதால் இவர் டெனரை எடுக்க வேண்டியதாயிற்று. அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட வாத்தியம் இப்படி வேலையின் நிர்ப்பந்தத்தால் கைக்கு வந்தது. 1949-இல் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் பெரிய குழு. 1952-இல் ஏர்ல் பாஸ்டிக். இந்தப் பெயரை ஜாஸ் வரலாறு எழுதுபவர்கள் வேகமாகத் தாண்டிவிடுவார்கள், சாக்ஸபோன் வாசிப்பவர்கள் தாண்டக் கூடாது. பாஸ்டிக்கின் பாடல்கள் நடனத்துக்கானவை. ஆனால் வாத்தியத்தின் வழக்கமான எல்லைக்கு மேலே உள்ள ஸ்வரங்களை, மாற்று விரலமைப்புகளால், சுருதி பிசகாமல் எடுப்பதில் அன்று அவருக்கு நிகரானவர்கள் மிகச் சிலர். கோல்ட்ரேன் தினமும் அவர் பக்கத்தில் நின்று வாசித்திருக்கிறார். அதன்பின் 1953-54-இல் ஜானி ஹாட்ஜஸ் குழு; ஒற்றை ஸ்வரத்தை நீட்டி நிறுத்தினாலே கேட்பவரைக் கட்டிப்போடும் மனிதர் அவர்.

1955-இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் இவரைத் தன் ஐவர் குழுவில் சேர்த்துக்கொண்டார். இந்தக் காலத்துப் பதிவுகளில் கோல்ட்ரேனின் தொனி ஏற்கெனவே தனியாகத் தெரிகிறது, தடித்து, ஓரம் கூர்மையாக. ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும் முன் இடம் முடிந்துவிடுகிறது. ஹெராயினும் குடியும் அவரைப் பிடித்திருந்த காலமும் இதுதான். 1957 ஏப்ரலில் டேவிஸ் அவரை நீக்கினார். அந்த வசந்தத்தில் ஃபிலடெல்ஃபியா வீட்டில் அடைந்துகொண்டு போதையை முழுவதுமாக விட்டார். இவ்வளவும் உறுதி. 1957-இல் தனக்கு இறையருளால் ஓர் ஆன்மிக விழிப்பு வந்தது என்று அவரே பின்னால் அச்சில் எழுதினார், அதுவும் உறுதி. டேவிஸ் அவரை அறைந்ததாகவும், பார்த்துக்கொண்டிருந்த பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் ‘என்னிடம் வந்துவிடு’ என்று அழைத்ததாகவும் சொல்லப்படுவது ஆளுக்கு ஆள் மாறும் கதை. அதன்மேல் எதையும் கட்ட வேண்டாம்.

மங்க்கிடம் போனது கதையல்ல. 1957 ஜூலையிலிருந்து ஆண்டு முடியும்வரை நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் மங்க்கின் நால்வர் குழுவில் வாசித்தார். மங்க்கோடு வாசிக்கும்போது கொஞ்சம் கவனம் தப்பினாலும் லிஃப்ட் இல்லாத லிஃப்ட் குழிக்குள் காலை வைத்ததுபோல் இருக்கும் என்கிறார். மங்க் பாட்டின் நடுவே பியானோவை விட்டு எழுந்துவிடுவார். பாஸும் டிரம்ஸும் மட்டும் போய்க்கொண்டிருக்க, கார்ட் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) எங்கே மாறுகிறது என்பதைக் கோல்ட்ரேன் தன் மனக்கணக்கிலேயே வைத்திருந்து வாசிக்க வேண்டும். இரவுக்கு இரவு, மாதக்கணக்கில் இது நடந்தது. பலன் என்ன என்பதற்கு 1957 நவம்பர் 29 கார்னகி ஹால் கச்சேரி இருக்கிறது. அந்த ஒலிநாடா 2005-இல்தான் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. 1956-இல் டேவிஸோடு செய்த பதிவு ஒன்றையும் இதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டு வருட இடைவெளிகூட இல்லை. ஆனால் இரண்டாவதில் தயக்கமே இல்லை.

அந்தக் காலத்து வாசிப்புக்கு ஐரா கிட்லர் என்ற விமர்சகர் 1958-இல் ‘ஷீட்ஸ் ஆஃப் சவுண்ட்’ என்று பெயர் வைத்தார், ஒலியைப் பாய் பாயாக விரிப்பதுபோல. இதை வெறும் வேகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கார்டுக்குப் பதில் அதே நேரத்துக்குள் மூன்று கார்டுகளைப் போட்டுப் பார்க்க அவர் ஆசைப்பட்டார். அவ்வளவு ஸ்வரமும் எட்டு, பதினாறு என்ற சம கணக்கில் அடங்கவில்லை. அதனால் ஐந்து ஐந்தாகவும் ஏழு ஏழாகவும் கட்ட வேண்டி வந்தது என்று 1960-இல் டவுன்பீட் என்ற ஜாஸ் இதழில் தன்னைப் பற்றி எழுதிய கட்டுரையில் சொல்லியிருக்கிறார். நம் கணக்கில் சொன்னால் சதுஸ்ரத்தில் ஓடும் தாளத்துக்குள் கண்டத்தையும் மிஸ்ரத்தையும் திணிப்பது. அவர் அதை லயக் கணக்காகத் தொடங்கவில்லை, இடம் போதாமையால் போய்ச் சேர்ந்த இடம் அது.

1959-க்கு வருவோம். என் பார்வையில் அவர் வாழ்க்கையின் மையம் அந்த ஆண்டுதான். மார்ச் 2 அன்று, மீண்டும் சேர்ந்துகொண்ட டேவிஸ் குழுவில் ‘ஸோ வாட்’ பதிவாகிறது. 32 பார் கொண்ட சுற்று, ஒரு பாருக்கு நான்கு தட்டு. முதல் 16 பாருக்கு ஒரே ஸ்கேல், அதாவது ஒரே ஸ்வர வரிசை, அடுத்த 8 பார் அதையே அரைக் கட்டை மேலே, கடைசி 8 பார் பழைய இடம். அந்த ஸ்கேல் டோரியன். ஸ்வர இடங்களை மட்டும் பார்த்தால் நம் கரகரப்பிரியா. நிற்க இடம், நடக்க இடம், யோசிக்க இடம், எல்லாம் இருக்கிறது. இரண்டே மாதத்தில், மே 5 அன்று, தன் பெயரில் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ பதிவு செய்கிறார். 16 பாரில் 26 கார்ட். வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 290 தட்டு. ஒரு சுற்று 13 விநாடியில் முடிந்துவிடும். ஒரே மனிதர், ஒரே வசந்தத்தில், இரண்டு எதிர்த்திசைகளிலும் போயிருக்கிறார்.

‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ கட்டமைப்பை நம் ஸ்வரங்களில் சொன்னால் எளிதில் பிடிபடும். ஒரு ஸ்தாயியின் 12 இடங்களை நாலு நாலாக மூன்றாகப் பிரியுங்கள்: ஷட்ஜம், அந்தர காந்தாரம், சுத்த தைவதம். இந்த மூன்றையும் மாறி மாறி ஆதார ஷட்ஜமாக வைக்க வேண்டும். கிரகபேதத்தில் ஸ்வரங்கள் அப்படியே இருக்க ஷட்ஜம் மட்டும் நகரும், வேறு ராகம் பிறக்கும். இங்கே ஷட்ஜம் நகரும்போது சங்கராபரணம் முழுவதும் அதோடு சேர்ந்து நகர்கிறது. மேற்கத்தியப் பெயரில் பி, ஜி, ஈ ஃபிளாட். ஒரு சுற்றுக்குள் ஷட்ஜம் பத்து முறை மாறுகிறது. ஒவ்வொரு புதிய ஷட்ஜத்துக்கும் முன்னால் அதன் பஞ்சமத்தின் கார்ட் வந்து கதவைத் திறந்துவிடுகிறது. பல இடங்களில் ஒரு கார்டுக்குக் கிடைப்பது இரண்டே தட்டு, அதாவது நான்கு ஸ்வரம். அந்த நான்கில் கேட்பவருக்கு இடம் தெரியவேண்டும். கோல்ட்ரேன் பெரும்பாலும் எடுத்தது ‘ச ரி க ப’ என்ற நான்கு. ராகம் எது என்று ‘க’ சொல்லிவிடும், ஷட்ஜம் எது என்று ‘ப’ உறுதிப்படுத்திவிடும். மிகச் சிக்கனமான தீர்வு. பிறகு அதையே தலைகீழாக ‘ப க ரி ச’, நடுவில் உடைத்து, இடம் மாற்றி என்று போகிறார்.

அந்தத் தனி வாசிப்பு முழுக்க மனப்பாடமா என்று கேட்பவர்கள் உண்டு. வெளியான மாற்றுப் பதிவுகளில் அதே பிடிகள் திரும்ப வருவது உறுதி. வரிசை மாறுகிறது என்பதும் உறுதி. வீட்டில் கணக்குப் போட்டுக் கொண்டுவந்த கோர்வையை மேடையில் வேண்டிய இடத்தில் வைக்கும் மிருதங்கக்காரரைப் பார்த்து ‘மனோதர்மம் இல்லை’ என்று நாம் சொல்வதில்லையே. அதே நியாயம் இவருக்கும் வேண்டும். அன்று பியானோ வாசித்த டாமி ஃபிளானகன் தேர்ந்த கலைஞர். தாளில் கார்டுகளை முன்பே பார்த்திருந்தும் இந்த வேகத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. அவருடைய முறை வரும்போது ஒற்றை ஸ்வர வரிசையாகத் தொடங்கி, அறுந்து, வெறும் கார்டுகளாக முடிகிறது. அதை அழிக்காமல் வெளியிட்டார்கள். 1982-இல் ஃபிளானகன் அதே பாட்டைத் தன் பெயரில் மறுபடி பதிவு செய்து நிதானமாக வாசித்துக் காட்டினார். இரண்டையும் கேட்டால், கோல்ட்ரேன் பதிவறைக்கு வருமுன் எத்தனை மாத வேலையை முடித்துவிட்டு வந்திருக்கிறார் என்பது விளங்கும்.

இந்த மூன்றாம்பாகப் பிரிவை எங்கிருந்து எடுத்தார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நிக்கோலாஸ் ஸ்லோனிம்ஸ்கி 1947-இல் வெளியிட்ட ஸ்கேல் தொகுப்பைப் புரட்டிப் புரட்டிச் சாதகம் செய்தார் என்பது நிச்சயம். ஸ்தாயியைச் சம பாகமாகப் பிரித்து வரிசைகள் கட்டுவதுதான் அந்தப் புத்தகத்தின் அடிப்படையே. ஆனால் ரிச்சர்ட் ராஜர்ஸ் 1937-இல் மெட்டமைத்த ஒரு நாடகப் பாட்டின் நடுப்பகுதியிலும் இதே நகர்வு இருக்கிறது, அது அன்றைய ஜாஸ் கலைஞர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. சாண்டோலின் பாடங்களைச் சொல்பவர்களும் உண்டு. மூன்றும் சேர்ந்திருக்கலாம். இணையத்தில் சுற்றும் கோல்ட்ரேனின் வட்டப்படத்தைப் பொறுத்தவரை, அதை அவர் சக கலைஞர் யூசெஃப் லத்தீஃபுக்குக் கொடுத்தார் என்பதும், அதில் 12 ஸ்வரங்களின் உறவு வரையப்பட்டிருக்கிறது என்பதும் மட்டுமே உறுதி. அதற்குள் அண்ட ரகசியம் இருப்பதாகச் சொல்வதெல்லாம் பின்னால் வந்தவர்களின் கற்பனை.

இனி ராகக் கேள்வி. மூன்றாம்பாகச் சிக்கலைத் தீர்த்த கையோடு கோல்ட்ரேன் அதை விட்டு நகர்ந்துவிட்டார். 1960-இல் சொந்தக் குழு அமைத்தார். அதில் மெக்காய் டைனர் பியானோ, எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸ், பின்னர் ஜிம்மி கேரிசன் பாஸ். அந்த அக்டோபரில் சோப்ரானோ சாக்ஸபோனில் ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ பதிவானது. 13 நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்தப் பதிவில் ஒரே இடத்தில் நின்று சுழலும் நீண்ட பகுதிகள் இருக்கின்றன. 1961 நவம்பரில் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் ‘இந்தியா’ என்ற பாட்டை வாசித்தார். இரண்டு பாஸ் வாத்தியங்கள் ஒத்துப் பிடிப்பதுபோல ஒரே ஆதாரத்தில் நிற்க, மேலே இவரும் இன்னொரு ஊதுவாத்தியக்காரரான எரிக் டால்ஃபியும். அந்த இரவுகளின் சில பதிவுகளில் அகமது அப்துல் மாலிக் ஒரு மீட்டு வாத்தியம் வாசிக்கிறார். ஊத் என்ற அரபு வாத்தியம் என்று அச்சிட்டார்கள், தம்புரா என்று கேட்பவர்களும் உண்டு. ரவிசங்கரின் இசைத்தட்டுகளை ஆர்வத்தோடு கேட்டார், அவரைச் சந்தித்து அடிப்படைகளைக் கேட்டறிந்தார், 1965-இல் பிறந்த மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார். இவையெல்லாம் உண்மை.

ஆனால் இவற்றிலிருந்து ‘ராகம் கற்றதால் மாறினார்’ என்ற முடிவுக்கு வர முடியாது. காலவரிசையே இடிக்கிறது. பெரிய பாய்ச்சல் 1957-59-இல் முடிந்துவிட்டது, இந்திய இசை ஈடுபாடு அதற்குப் பிறகு வெளிப்படுகிறது. தவிர அவர் கேட்டது இந்துஸ்தானி. கர்நாடக சங்கீதம் முறையாகக் கற்றதற்கு ஆதாரம் இல்லை. ஸ்கேல் ஒன்றாக இருப்பதால் ராகம் ஆகிவிடாது என்பது உங்களுக்கே தெரியும். ‘ஸோ வாட்’டில் கரகரப்பிரியாவின் ஏழு இடங்களும் இருக்கின்றன. ஆனால் காந்தாரத்தில் அசைவு கிடையாது, நிஷாதத்தில் கமகம் கிடையாது, பிடிப்பான சஞ்சாரம் கிடையாது. அவர் இந்திய இசையிலிருந்து எடுத்துக்கொண்டது ஆதார சுருதியும், ஒரே இடத்தில் நீண்ட நேரம் நிற்கலாம் என்ற துணிவும். சச்சிதானந்தர் பெயரையும் சிலர் இதில் இழுக்கிறார்கள். கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் பிறந்த அந்தச் சுவாமியைப் பின்பற்றியவர் கோல்ட்ரேனின் மனைவி ஆலிஸ். சுவாமியின் பெயரில் ஆலிஸ் இசைத்தொகுப்பு வெளியிட்டது 1971-இல், கோல்ட்ரேன் மறைந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு. தமிழ்நாட்டுத் தொடர்பு உண்மைதான், ஆனால் அது ஆலிஸின் கதை.

1964 டிசம்பர் 9 அன்று நியூஜெர்சியில் ரூடி வேன் கெல்டரின் பதிவறையில் ஒரே அமர்வில் ‘எ லவ் சுப்ரீம்’ பதிவானது. நான்கு பாகம், சுமார் 33 நிமிடம். முதல் பாகத்தில் பாஸ் வாசிக்கும் நான்கு ஸ்வரங்களை நம் வழியில் ‘ச க ச ம’ எனலாம், காந்தாரம் சாதாரணம், மத்யமம் சுத்தம். அதை எடுத்துக் கோல்ட்ரேன் 12 இடங்களுக்கும் நகர்த்துகிறார். எங்கே போனாலும் அதுவே இருக்கிறது என்று காட்டுவதுபோல் இருக்கும். நான்காம் பாகம் இன்னும் அரிது. இசைத்தட்டின் உறையில் அவர் எழுதிய பிரார்த்தனை அச்சாகியிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். சாக்ஸபோன் அந்த வரிகளைச் சொல்லுக்குச் சொல், அசைக்கு அசை, வாசித்துக்கொண்டு போவது தெரியும். தாளம் கிடையாது, பின்னால் எல்வின் ஜோன்ஸின் உருட்டலும், கூடவே பியானோவும் பாஸும். நன்றி சொல்லும் மூன்றசைத் தொடர் திரும்பத் திரும்ப வருகிறது, ஆதாரத்தை நோக்கி இறங்கி அமைகிறது. கச்சேரியின் கடைசியில் விருத்தம் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும். இசையறிஞர் லூயிஸ் போர்ட்டர் இதை வரி வரியாக ஒப்பிட்டு நிறுவியிருப்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை. பர்மிங்காம் தேவாலயத்தில் 1963 செப்டம்பரில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்ததை அடுத்து, நவம்பரில் பதிவு செய்த ‘அலபாமா’வும் மார்ட்டின் லூதர் கிங்கின் இரங்கல் உரையை இப்படியே பின்பற்றுகிறது என்பார்கள். அங்கே சொல்லும் ஸ்வரமும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவதில்லை. அதைப் பாதி நம்பினால் போதும்.

கடைசி இரண்டரை ஆண்டுகள் பலருக்குக் கடினமானவை. 1965 ஜூனில் தன்னையும் சேர்த்து 11 பேரோடு ‘அசென்ஷன்’. அந்த ஆண்டு முடிவில் டைனர் விலகினார், அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் எல்வினும். 1966 ஜூலையில் ஜப்பான் பயணம். அங்கே ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ ஒரு மணி நேரத்தைத் தொட்டது. 1967 பிப்ரவரியில் டிரம்ஸ் ரஷீத் அலியோடு இருவராக மட்டும் ஒரு பதிவு. ஜூலை 17 அன்று லாங் ஐலண்டில் ஹண்டிங்டன் மருத்துவமனையில் கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். வயது 40. பழைய ஊசிப் பழக்கம் கல்லீரலைத் தாக்கியதா, குடியா என்பதெல்லாம் ஊகம்.

இனி உங்கள் சாதகம். அவர் நாள் முழுக்கச் சாதகம் செய்தார் என்ற கதைகளில் மிகை உண்டு. ஆனால் இரவில் சத்தம் கூடாதபோது ஊதாமல் விரலை மட்டும் ஓட்டினார் என்பதை உடனிருந்த பலரும் சொல்கிறார்கள். இதை நீங்களும் செய்யலாம், அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. அவருடைய சாதனத்தை மட்டும் பின்பற்றாதீர்கள். அவர் ஆட்டோ லிங்க் உலோக மவுத்பீஸ் வைத்திருந்தார். 5 ஸ்டார் திறப்பு, ஏறத்தாழ 2.2 மில்லிமீட்டர், இன்றைய அளவில் குறுகியது. அதற்குத்தான் கடினமான ரீட் (மவுத்பீஸில் அதிரும் நாணல் பட்டை) பொருந்தியது. இன்று கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 7 ஸ்டார் போன்ற அகலத் திறப்பில் 4 எண் ரீட்டைப் போட்டால் காற்று போதாமல் தாடையால் கடிப்பீர்கள். கீழுதடு உள்ளே வெட்டுப்படும், மேல்ஸ்தாயி சுருதி ஏறிவிடும். இப்போதைக்கு 2 அல்லது 2.5 ரீட் போதும்.

பாஸ்டிக்கிடமும் ஹாட்ஜஸிடமும் அவர் பெற்றதிலிருந்து தொடங்குங்கள், அதாவது நாதத்திலிருந்து. தாழ்ந்த பி ஃபிளாட்டுக்கு எல்லா விரலையும் மூடுங்கள். விரலை எடுக்காமலே மேலே ஒளிந்திருக்கும் ஸ்வரங்களை வரவழைக்க வேண்டும்: முதலில் மேல் ஷட்ஜம், பிறகு பஞ்சமம், அடுத்த ஷட்ஜம், அதற்கும் மேல் அந்தர காந்தாரம், பஞ்சமம். தினமும் பத்து நிமிடம். கீச்சென்று கத்தினால் கடிக்கிறீர்கள் என்று அர்த்தம். உதட்டை அப்படியே விட்டுவிட்டு, ‘ஆ’விலிருந்து ‘ஈ’க்குப் போகும்போது நாக்கு உயர்வதுபோல உள்ளே மாற்றுங்கள். ஸ்வரம் வந்ததும் அதையே வழக்கமான விரலமைப்பில் வாசித்து, இரண்டின் தொனியும் ஒன்றாகும்வரை ஒப்பிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஸ்வரம் ஒலிக்க வைக்கும் வித்தையை மங்க்கும், ஜான் க்ளென் என்ற ஃபிலடெல்ஃபியா வாசிப்பாளரும் காட்டிக்கொடுத்ததாகக் கோல்ட்ரேன் எழுதியிருக்கிறார். அதற்கும் இதுதான் வாசல்.

பிறகு ‘ச ரி க ப’. டெனரில் எழுதப்படும் சுருதியில் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ பாட்டின் மூன்று ஷட்ஜமும் டி ஃபிளாட், ஏ, எஃப் என்று வரும். தட்டு எண்ணும் மெட்ரோனோம் கருவி நிமிடத்துக்கு 60-இல், தட்டுக்கு இரண்டு ஸ்வரம். ஒரு சுற்றுக்கு 64 விநாடி ஆகும். எங்கே தடுக்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம். ஏ-யில் தொடங்கும் வரிசையில் ‘க’ வருவது நடு சி ஷார்ப், விரல் எதுவும் வைக்காத ஸ்வரம். அடுத்த ‘ப’வுக்கு ஐந்து விரலும் ஆக்டேவ் கட்டைவிரலும் ஒரே கணத்தில் விழ வேண்டும். நடு டி ஃபிளாட்டில் தொடங்கினால் இன்னும் மோசம். ‘ச’வில் கை வெறுமை, ‘ரி’யில் ஆறு விரல், வலது சுண்டுவிரல், கட்டைவிரல், ஆக எட்டு. ஏதாவது ஒன்று பிந்தினால் நடுவில் ஒரு பொய் ஸ்வரம் பளிச்சென்று கேட்கும். வேகத்தில் அது வெறும் கரகரப்பாகத் தெரிவதால் பலர் கவனிப்பதே இல்லை. அந்த இரண்டு ஸ்வரத்தை மட்டும் பிரித்தெடுத்து முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டே இருங்கள். விரல்களைச் சாவியை விட்டு விரலளவு கூடத் தூக்காதீர்கள். மூன்று முறை தொடர்ந்து சுத்தமாக வந்தால் மெட்ரோனோமில் 4 கூட்டுங்கள், இல்லாவிட்டால் கூட்ட வேண்டாம். ஒரு வருடத்தில் 145 வந்தால் அதுவே நல்ல வளர்ச்சி. 290 இப்போது உங்கள் கவலை இல்லை. நான்கு ஸ்வரத்திலும் புதிய ஷட்ஜம் காதில் விழுகிறதா என்பது மட்டும் கவலையாக இருக்கட்டும். விரல் சரியாகப் போயும் ஷட்ஜம் மாறியது கேட்கவில்லை என்றால், வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு ஷட்ஜத்தையும் வாயால் பாடிப் பாருங்கள்.

அன்றைய சாதகத்தின் கடைசிப் பத்து நிமிடத்துக்கு ‘எ லவ் சுப்ரீம்’ நான்காம் பாகத்தின் வழியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாசுரமோ தேவாரப் பதிகமோ போதும். ஐந்து ஸ்வரங்களுக்குள், தாளம் இல்லாமல், அசைக்கு ஒரு ஸ்வரமாக ஊதுங்கள். நெடிலுக்கு நீட்டுங்கள், குறிலை நாக்கு நுனியால் தொட்டு விடுங்கள், வல்லினத்துக்கு நாக்கு அழுந்தட்டும், மெல்லினத்துக்கு மிருதுவாக. பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, இரண்டாம் வரியிலேயே சொல்லை விட்டுவிட்டு ஸ்வரத்தின் பின்னால் போய்விடுவது. அதைப் பதிவு செய்து, அந்தப் பாட்டு தெரிந்த ஒருவரிடம், எந்தப் பாட்டு என்று சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள். இரண்டு வரிக்குள் அவர் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த பாட்டுக்குப் போகலாம்.